தண்ணீர் ஊசி

அத்தியாயம் 5

"எங்களுக்கு விசாரணையெல்லாம் வேண்டாம்மா. திருடி யாருன்னு எங்களுக்கே தெரியும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும்" என்றார் ஆஸ்பத்திரி நிர்வாகி.

துப்பறிகிறவர்களைக் கூப்பிட்டு, குளிர்ந்த அறையில் உட்கார வைத்து, துப்பறிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட முதல் ஆள் அவர்தான். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, சாப்பிடாமல் 'நன்றாக இருந்தது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் என்பது போல இருந்தது எனக்கு.

சித்தி கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கைப்பை மேஜை ஏறும்.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்து காட்டுகிறவர்களை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருந்தாள். ஒரு தடவை மோப்பம் நேராக மேலதிகாரியின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவரும் போனார், இவள் வேலையும் போனது. அதன்பிறகு தொடங்கியதுதான் எங்கள் துப்பறியும் நிலையம். நான் அதன் ஒரே ஊழியை. நான் சித்தி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிட வயதான வாடிக்கையாளர்கள்கூட சித்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"கையெழுத்து போடலாம். எதுக்கு அடியில போடறேன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றாள் சித்தி.

நிர்வாகி சொன்னதன் சாரம் இது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மூட்டு நழுவியவர்களும் எலும்பு முறிந்தவர்களும் வருகிறார்கள். இழுத்துப் பொருத்துவதற்கு முன்னால், வலி தெரியாமலிருக்கவும் மயக்கமாக இருக்கவும் ஊசி போடப்படுகிறது. ஊசி போட்டும் ஒரு மாதமாக எல்லோரும் அலறுகிறார்கள். முந்தின நாள் ஏணியிலிருந்து விழுந்து தோள் நழுவி வந்த ஒரு பெயின்டர் போட்ட சத்தத்தில், எதிர்ப்பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். ஆகவே ஊசியில் இருப்பது மருந்து இல்லை, தண்ணீர். ஊசியை நிரப்புவது பிரிவின் தலைமை சிஸ்டர். ஆகவே மருந்தை எடுத்து வெளியில் விற்பதும் அவர்.

"அந்த மருந்துக்கு வெளியில ஏக கிராக்கி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வந்தவர் மின்னல் டாக்டர். நாங்கள் வைத்த பட்டப்பெயர் இல்லை, அவரே விரும்பிச் சூடிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் 'பத்தே நிமிடத்தில் சிகிச்சை, உத்தரவாதம்!' என்று ஆளுயரப் பலகை இருக்கிறது. அதில் கைகளைக் கட்டிக்கொண்டு சிரிப்பவரும் அவர்தான். நேரில் கைகளைக் கட்ட அவருக்கு நேரமில்லை. நின்றுகொண்டே பேசினார், பேசிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

"தோளை இழுத்துப் பொருத்த எனக்குக் கண் மூடித் திறக்கற நேரம் போதும். வலின்னு மூளைக்குத் தெரியறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். அதுக்கே அந்த ஆள் அப்படிக் கத்தறான்னா உள்ள போனது மருந்தா? குழாய்த் தண்ணி!"

"சோதனைக்கு அனுப்பினீங்களா?" என்று கேட்டாள் சித்தி.

"அனுப்பியிருக்கோம். முடிவு வர ஒரு வாரம் ஆகும்" என்றார் நிர்வாகி. "அதுக்குள்ள பேப்பர்காரங்க வந்துடுவாங்க. போலீஸ் சாயங்காலம் வருது. புகாரோட உங்க அறிக்கையும் இருந்தா எடுப்பா இருக்கும்."

"டாக்டரே தீர்ப்பு சொல்லிட்டார், போலீஸ் எதுக்கு? நேரா ஜெயிலைக் கூப்பிடலாமே" என்றேன் நான்.

சித்தி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மின்னல் டாக்டர் அதற்குள் போய்விட்டார்.

தலைமை சிஸ்டர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போலீஸ் வரும்வரை வீட்டுக்குப் போகக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் வரும் வழியில் உட்கார வைத்திருந்ததால், போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நீங்கதான் போட்டீங்களா?" என்று சித்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"நான்தான் போட்டேன். என் கையால மருந்தை உடைச்சு, என் கையால ஏத்தினேன்." அழுது ஓய்ந்த குரல். "முன்னெல்லாம் பக்கத்துலயே நிப்பேன். இப்ப புது முறை. ஒரு பெட்ல ஊசி போட்டதும் அடுத்த பெட்டுக்கு ஓடணும். நான் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள இங்க அலறல் கேட்கும். அவ்வளவு மருந்து ஏத்தியும் கத்தறாங்கன்னா என்ன அர்த்தம்? எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. கம்பெனியிலேயே தண்ணியை அடைச்சு அனுப்பறாங்களோ என்னமோ."

"கத்தினதுக்கப்புறம்?"

"டாக்டரும் அடுத்த பெட்டுக்குப் போயிடுவார். ஆளை வராந்தாவுக்குத் தள்ளிட்டு வந்துடுவாங்க, சொந்தக்காரங்க பார்த்துப்பாங்க. பெட் காலியாகணுமில்ல?"

சிஸ்டர் போனை எடுத்துக் காட்டினார். மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் யாரோ அவர் படத்தைப் போட்டு, மருந்து திருடும் நர்ஸ், ஜாக்கிரதை என்று எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கோப முகங்கள்.

"பொண்ணு இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னுட்டா. அவங்கப்பா என்கிட்ட ஒண்ணும் கேட்கலை. கேட்டிருந்தாக்கூடத் தேவலை" என்றார்.

நான் போனை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். சித்தி எழுந்துகொண்டாள்.

"கிளம்பு, அலறினவரைப் பார்க்கலாம்" என்றாள்.

பெயின்டரின் வீடு மாடியில் இருந்தது. ஊரெல்லாம் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர், தன் வீட்டுச் சுவரைப் பாவம் அப்படியே விட்டிருந்தார். கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சோபா முழுவதையும் வேறொருவன் ஆக்கிரமித்திருந்தான். நீட்டிப் படுத்து, வயிற்றின்மேல் பிஸ்கட் பாக்கெட்டை வைத்து, டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தம்பி" என்று அறிமுகம் செய்தாள் பெயின்டரின் மனைவி. பெயின்டர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

வழியெல்லாம் நான் எனக்கென்று ஒரு கோட்பாடு தயாரித்து வைத்திருந்தேன். அதைச் சபையில் இறக்கினேன். "நீங்க குடிப்பீங்களா? குடிக்கறவங்களுக்கு மயக்க ஊசி சட்டுனு பிடிக்காதுன்னு சொல்வாங்களே."

"அந்த ஒரு கெட்ட பழக்கம் மட்டும் இவருக்குக் கிடையாது" என்றாள் மனைவி. மற்றவை இருக்கின்றன என்பது குரலில் தெரிந்தது. என் கோட்பாடு அங்கேயே உயிரை விட்டது.

"வலி எப்படி இருந்துச்சு?" என்று சித்தி கேட்டாள்.

"அதை ஏம்மா கேட்கறீங்க? என் பாட்டன் பூட்டன் எல்லாம் வரிசையா வந்து கண்ணு முன்னாடி நின்னாங்க. சிஸ்டர் நல்லவங்க, ஊசி போட்டதே தெரியல. அவங்க திரையைக்கூடத் தாண்டலை, அதுக்குள்ள அந்த டாக்டர் வந்து கையைப் பிடிச்சுட்டார். தோள் 'டொக்'குனு உட்கார்ந்த சத்தம் இன்னும் காதுல கேட்குது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்தேன்."

"எதுல வந்தீங்க?"

பெயின்டர் வாயைத் திறந்தார். மூடினார். மனைவியைப் பார்த்தார். "எதுல வந்தோம்?"

"நல்லா இருக்கே! கார்லதான் வந்தோம். வழி பூரா பேசிக்கிட்டே வந்தீங்களே."

"நானா?"

சித்தி நாற்காலியை மனைவியின் பக்கம் இழுத்துப் போட்டாள். "கத்தி முடிச்சதிலேருந்து கார் ஏறற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? கத்தி முடிச்சாரு, வராந்தாவில கொண்டுவந்து விட்டாங்க. சண்டை போடலாம்னு டாக்டரைத் தேடினேன், ஆளையே காணோம். திரும்பிப் பார்த்தா இவர் தூங்கறார். அப்படி ஒரு தூக்கம்! முதல்ல குறட்டை. அப்புறம் அந்தக் குறட்டையும் நின்னுபோச்சு. உதடு ஒரு மாதிரி நீலமாயிடுச்சு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பலம் கொண்ட மட்டும் தொடையில கிள்ளினேன். 'ஹா'ன்னு ஒரு மூச்சு வாங்கினார் பாருங்க, அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"அடிப்பாவி, அது நீ கிள்ளினதா? ஏணியில பட்டதுன்னு நினைச்சு மருந்து தடவிக்கிட்டிருக்கேன்" என்றார் பெயின்டர்.

சித்தி சிரிக்கவில்லை. "கார்ல என்ன பேசினார்?"

மனைவி சற்றுத் தயங்கி, தம்பியை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "தம்பி ஒரு ஆறு மாசம் நம்மளோட இருக்கட்டுமான்னு கேட்டேன். ஆறு மாசம் என்ன கணக்கு, ஆயுசுக்கும் இருக்கட்டும், ராஜா மாதிரி இருக்கட்டும்னார்."

பெயின்டர் எழுந்தே விட்டார். "நான் சொன்னேனா? இவனையா? என் புத்தி கெட்டா போச்சு?"

"போன்ல என்கிட்டயும் சொன்னீங்க மாமா" என்றான் மச்சினன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சோபாவை எடுத்துக்கடான்னு நீங்களாத்தான் சொன்னீங்க."

சித்தி எழுந்துபோய் சோபாவின் முன்னால் நின்றாள். அவன் தலை முதல் கால் வரை பார்த்தாள். காணாமல்போன நகை கிடைத்தவள்கூட அவ்வளவு பிரியமாகப் பார்த்திருக்க மாட்டாள்.

"தம்பி, நீதான்ப்பா எனக்குச் சாட்சி. எங்கயும் போயிடாதே" என்றாள்.

"அவன் எங்க போகப் போறான்?" என்றார் பெயின்டர், ஆறாத வயிற்றெரிச்சலோடு.

படி இறங்கும்போது எனக்கும் வெளிச்சமானது. "சித்தி, தண்ணியைக் குத்தியிருந்தா அந்த ஆள் எதுக்குத் தூங்கறான்? வந்த வழியை எதுக்கு மறக்கறான்?"

"அதோட, அந்த மச்சினனை வீட்டுக்குள்ள விடறதுக்கு எந்தப் புருஷன் தண்ணி ஊசியில சம்மதிப்பான்?" என்றாள் சித்தி. "உள்ள போனது அசல் மருந்து. கலப்படமே இல்ல."

"அப்ப ஏன் கத்தினார்?"

சித்தி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"வேகமா ஓட்டு. கிள்ளறதுக்குப் பொண்டாட்டி கூட இல்லாத ஆள் ஒருத்தன் அந்த வராந்தாவுக்கு வந்தான்னா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

யோசித்தேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

நிர்வாகி புகாரைத் தட்டச்சு செய்து, ஓரம் சரி பார்த்து, தயாராக வைத்திருந்தார். மின்னல் டாக்டரும் அங்கேதான் இருந்தார், வழக்கம்போல் நின்றுகொண்டு.

"கண்டுபிடிச்சுட்டேன். திருட்டு நடந்தது உண்மைதான். ஆனா மருந்து திருட்டுப் போகலை" என்றாள் சித்தி.

"பின்ன என்ன போச்சு?" என்றார் நிர்வாகி.

"ரெண்டு மூணு நிமிஷம்."

இந்த வசனத்தை அவள் ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு தடவை முணுமுணுத்து ஒத்திகை பார்த்ததை நான் கேட்டிருந்தேன். அதனால் எனக்குப் புல்லரிக்கவில்லை. நிர்வாகிக்குப் புரியவே இல்லை. டாக்டருக்கு மட்டும் புரிந்தது. முதன்முறையாக அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்தார்.

"ஊசி போட்டதும் மருந்து ரத்தத்துல ஏறி வேலையைத் தொடங்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். இது எனக்கே தெரியுது. பலகையில இருக்கறவருக்குத் தெரியாதா?" என்றாள் சித்தி. "தெரியும். ஆனா பலகை மாட்டினதிலேருந்து காத்திருக்கறது கேவலமாப் போச்சு. கத்தல் ஆரம்பிச்சு ஒரு மாசம். பலகை மாட்டி எத்தனை நாளாச்சு சார்?"

நிர்வாகி ஜன்னல் வழியாகப் பலகையின் முதுகைப் பார்த்தார். "அதுவும் ஒரு மாசம்தான்" என்றார் மெதுவாக.

"சிஸ்டர் ஊசியை எடுக்கறாங்க, இவர் கையை இழுக்கறார். முழு உணர்வோட இருக்கறவன் அலறாம தாலாட்டா பாடுவான்? இவர் வேலையை முடிச்சுட்டு அடுத்த பெட்டுக்கு ஓடினதுக்கப்புறம் மருந்து நிதானமா வந்து சேருது. ஆளை வராந்தாவுல தூங்க வெச்சுடுது. ஊசி போட்டவங்க தூக்கத்தைப் பார்க்கலை, இழுத்தவரும் பார்க்கலை. பார்த்தது பொண்டாட்டி ஒருத்திதான். அவளை யாரும் கேட்கலை."

"கதை! தண்ணியை மறைக்கக் கதை கட்டறீங்க" என்றார் டாக்டர். குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு குரல் கட்டடத்தையே அதிர வைத்தது. "வழி விடுங்க, வழி விடுங்க! வராந்தாவை அடைச்சுக்கிட்டு நின்னா ஆள் எப்படிப் போறது?"

ஓடிப் போய்ப் பார்த்தோம்; கத்தியது தள்ளுவண்டியில் வந்த ஒரு பஸ் கண்டக்டர் அம்மா. பிரேக் அடித்ததில் படியோரம் விழுந்து தோள் நழுவியிருந்தது. வலியில் முகம் வெளுத்திருந்தும் அதிகாரம் குறையவில்லை. கூட யாரும் வரவில்லை. கிள்ளுவதற்கு ஆள் இல்லை என்று நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

"அந்த சிஸ்டரே வரட்டும். நீங்க தண்ணின்னு சொல்ற அதே பெட்டியிலேருந்து எடுத்துப் போடட்டும்" என்றாள் சித்தி.

"தண்ணியைப் போட்டு நோயாளியை வதைக்கச் சொல்றீங்களா?" என்று துள்ளினார் டாக்டர்.

"அவங்க தூங்கினா இழுங்க. தூங்கலேன்னா இழுக்காதீங்க. வதை எங்கேருந்து வரும்?"

டாக்டர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நிர்வாகி சரியென்று தலையை அசைத்தார்.

எல்லோரும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் போனோம்; சிஸ்டரும் வந்தார். கண்டக்டர் அம்மாவின் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை மாட்டி, அதே பெட்டியிலிருந்து மருந்தை உடைத்து ஊசியில் எடுத்தார். மருந்து ஏறியது. பழக்கதோஷத்தில் டாக்டரின் கைகள் அந்த அம்மாவின் மணிக்கட்டை நோக்கிப் போயின. சித்தி இடையில் வந்து நின்றாள்.

"கையை வெச்சீங்க, அடுத்த ஸ்டாப்ல இறக்கி விட்டுடுவேன்" என்று கண்டக்டர் அம்மாவும் எச்சரித்தார்.

காத்திருந்தோம். மின்னல் டாக்டர் காலை மாற்றி மாற்றி நின்றார். ஒரு மனிதர் வெறுமனே நிற்பதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. பெஞ்சிலிருந்து கட்டில்வரை வந்துவிட்ட சிஸ்டர், உண்மையிலேயே அது தண்ணீராக இருந்துவிட்டால் என்ற பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சில்லறையா கொடுங்க... முன்னாடி நகருங்க..." என்றார் கண்டக்டர் அம்மா. குரலின் விறைப்பு தளர்ந்தது. "உள்ளதான் இடம் இருக்கே... படியில..."

படியில் யார் நின்றார்கள் என்று தெரியவில்லை. கண்கள் சொருகி, வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"இப்ப இழுங்க" என்றாள் சித்தி.

டாக்டர் இழுத்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், மனிதருக்குக் கைராசி உண்டு. தோள் அதன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வேறு சத்தமே இல்லை. திரைக்கு அப்பால் அடுத்த நோயாளியின் உறவினர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதமாக அந்த அறை பார்க்காத அமைதி அது. சிஸ்டர் சுவரில் சாய்ந்து அழுதே விட்டார்.

"சரி, மருந்து அசல்தான்" என்று முனகிவிட்டு டாக்டர் திரையை விலக்கினார். அடுத்த பெட் காத்திருந்தது.

"டாக்டர், எங்க போறீங்க?"

சிஸ்டரின் குரல்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கட்டிலருகே வந்திருந்தார். "இனிமேதான் பக்கத்துல இருக்கணும். இவ்வளவு நேரம் மயக்கம் ரொம்ப ஆழமாப் போகாம வலி பிடிச்சு வெச்சுது. வலி போயிடுச்சு, மருந்து இன்னும் இருக்கு. பாருங்க."

கிளிப்பின் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கண்டக்டர் அம்மாவின் மார்பு ஏறி இறங்குவது குறைந்து, பிறகு நின்றே போனது. இயந்திரம் கத்தியது. சிஸ்டர் தாடையைத் தூக்கிப் பிடித்து, ஆக்சிஜன் முகமூடியை வைத்து, காதருகே "மூச்சு விடுங்கம்மா, நல்லா இழுத்து விடுங்க" என்று உரக்கச் சொன்னார். ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று வந்தது. எண்கள் மெல்ல ஏறின.

மின்னல் டாக்டர் திரையைப் பிடித்தபடியே நின்றார். ஒரு மாதமாக வராந்தாவுக்குத் தள்ளிவிட்ட ஒவ்வொருவரையும் அவர் அப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. இரக்கம் வரவில்லை.

நிர்வாகி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப திருட்டே இல்ல. ரொம்ப சந்தோஷம். போலீஸுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன். இதை இதோட விட்டுடலாம், என்ன? பலகையில மட்டும் பத்து நிமிஷத்தைப் பதினஞ்சா மாத்தினா..."

"பலகையை அப்புறம் பார்க்கலாம் சார்" என்றார் சிஸ்டர். தாடையைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை. "என்னைத் திருடின்னு வராந்தாவில வெச்சு, எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னாங்க. என் பொண்ணு காது வரைக்கும் போச்சு."

சித்தி திரையை முழுவதுமாக ஒதுக்கிவிட்டாள். அந்தப் பக்கம் இருந்த நோயாளிகள், உறவினர்கள், மற்ற நர்ஸுகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஸாரி சிஸ்டர் தப்பா நெனச்சுட்டேன்" என்றார் டாக்டர், ஒரே மூச்சில். சொல்லி முடிப்பதற்குள் ஒரு கால் அடுத்த பெட்டின் பக்கம் போயிருந்தது.

சிஸ்டர் கண்டக்டர் அம்மாவின் மார்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"கேட்கலை டாக்டர். இப்படி வந்து உட்கார்ந்து, நிதானமாச் சொல்லுங்க. இவங்க கண் முழிக்கிற வரைக்கும் நமக்கு வேற வேலை இல்ல."

மின்னல் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.